இறப்பர் இலையுதிரும் காலத்தில் ஒரு நகர் உலா

மேலைநாட்டினர் பனிக்காலம் வந்ததும் இரண்டொரு நாள் ஓய்வெடுத்து ஏதேனும் ஒரு பெருநகருக்குச் செல்வது வழக்கம். கட்டடங்களைக் கண்டு, சித்திரசாலைகளில் பொழுது போக்கி, நல்லுணவை நாடிச் சுவைத்துத் திரும்புவார்கள். பனி பெய்யாத நமது சப்பிரகமுவ மாகாணத்துக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. தை, மாசி மாதங்களில் இறப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்கின்றன, பால் குறைகின்றது, மழையும் சற்று ஓய்கின்றது. கரவனெல்லப் பகுதித் தோட்டத்து மக்கள் பொங்கல் கழிந்தபின் கொழும்பு மாநகரைப் பார்த்துவர ஏற்ற காலம் இதுவே.

பயணம் செய்யும் பாதையே ஒரு சரித்திரம். களனி கங்கையே முதலில் பாதையாயிருந்தது. கொழும்பிலிருந்து படகுகள் றுவன்வெல்ல வரை வந்தன. 1876ஆம் ஆண்டில் ஹெனரத்கொடையில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் சந்ததி பின்னர் இம்மலைச்சாரல்களிலும் பரவியது. தோட்டப் பொருள்களைத் துறைமுகம் சேர்ப்பதற்காக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவிசாவளையிலிருந்து கரவனெல்ல வழியாக எட்டியாந்தோட்டை வரை குறுகிய இருப்புப்பாதை இடப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அத்தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. இன்று அவிசாவளை வரை பேருந்திலே சென்றால், அங்கிருந்து புகைவண்டி ஏறலாம்.

கொழும்பிலே முதலில் காணவேண்டியது தேசிய அரும்பொருட்காட்சிச்சாலை. தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் முயற்சியால் எழுந்து, 1877ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்ட வெண்ணிற மாளிகை அது. கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார். என்ன பரிசு வேண்டும் என்று வினவியபோது, வெள்ளிக்கிழமைகளில் இதனை மூடிவைத்தால் போதும் என்று அவர் கேட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

உள்ளே கண்டி மன்னரின் சிம்மாசனம் இருக்கின்றது. ஒல்லாந்தர் பரிசாக அளித்தது. 1815இல் கண்டி வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, 1934இலே திரும்பி வந்தது. அதில் இறுதியாக வீற்றிருந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்னும் இயற்பெயர் கொண்ட நாயக்க வமிசத்தவன். வேலூரிலே சிறையிருந்து 1832இல் மாண்டான்.

பொலன்னறுவைச் சிவாலயங்களில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுத்த நடராசர் முதலிய செப்புத் திருமேனிகளும் அங்கே உள்ளன. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1914இல் வெளியிட்ட நூல் அவற்றின் பெருமையை உலகறியச் செய்தது.

இவற்றினும் நின்று நோக்கத்தக்கது காலியிலே 1911இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு. சீனக் கப்பற்படைத் தலைவன் செங் ஹோ கொண்டுவந்த அக்கல்லிலே 1409ஆம் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கின்றது. சீனமொழிப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றன. இலங்கைக் கரைக்கு வந்த சீனன் தமிழிலும் பேசவேண்டுமெனக் கருதினான் என்றால், அக்காலத்துக் கடல் வாணிகத்திலே தமிழுக்கிருந்த இடம் விளங்கும்.

சித்திரத்தில் நாட்டமுள்ளோர் பார்ன்ஸ் பிளேஸிலுள்ள சபுமல் இல்லத்துக்குச் செல்லலாம். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த அம்மனையில், 1943ஆம் ஆண்டிலே தோன்றிய ‘43 குழு’வினரின் ஓவியங்கள் பேணப்படுகின்றன.

மாலையிலே காலிமுகத் திடல். கடற்காற்றும் சூடான இறால் வடையும் அங்கே இலகுவில் கிடைக்கும். உணவும் சரித்திரம் பேசுவதுதான். வாழையிலையில் பொதிந்து வேகவைக்கும் லம்பிறைஸ் ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் தந்தது. முஸ்லிம் இல்லங்களின் பெருமையான வட்டிலப்பத்துக்கு இனிமை தருவதோ கித்துள் கருப்பட்டி. அக்கித்துள் நமது மலைச்சாரல்களிலும் வளர்வது. நகரத்தின் விருந்திலும் நமது மலையின் பங்கு உண்டு.

நேயர்களே, இவ்வளவும் கண்டு மீளும்போது ஒரு கேள்வி எழுகின்றது. மன்னரின் ஆசனத்தைப் பேணுகின்றோம். இருப்புப்பாதைக்குச் சுமை தந்த தொழிலாளியின் பொருளைப் பேணுவது யார்? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, அதன் குறை முற்றிலும் தீர 2003 வரை காத்திருந்த மக்களுக்கு இது வெறும் ஆராய்ச்சிக் கேள்வியன்று. நாங்கள் இங்கே வாழ்ந்தோம் என்பதற்குச் சான்று கேட்கப்பட்ட மக்கள் அவர்கள்.

கம்பளைக்கு அப்பால் பழைய பீகொக் தோட்டத்தில் ஒரு லயத்தையே அரும்பொருட்சாலையாக்கி 2007ஆம் ஆண்டில் திறந்தனர். அது தேயிலைத் தொழிலாளர் கதை. களனிப் பள்ளத்தாக்கின் இறப்பர்த் தொழிலாளர் கதையும் அவ்வாறு காக்கப்படவேண்டும். பாட்டன் பால் வெட்டிய கத்தி, மரத்திலே கட்டிய சிரட்டை, பால் வாளி, பழைய துண்டுச் சீட்டு, மங்கிய புகைப்படம் ஆகியவை உங்கள் வீட்டுப் பரணிலே கிடக்கலாம். அவற்றைப் பழம்பொருள் வாங்குவோனிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். பெயரும் ஆண்டும் அறியப்பட்டதனாலேயே காலியிற் கிடந்த கல் சரித்திரமாயிற்று.