கட்டற்ற

கட்டு + அற்ற. கன்றை முளையில் கட்டுகிறோம், பள்ளிக்கூடத்தில் பணம் கட்டுகிறோம். இரண்டுக்கும் வினை ஒன்றுதான். அதனால் 'கட்டற்ற மென்பொருள்' என்றதும் பலர் காதில் 'கட்டணமற்ற' என்றே விழுகிறது. பொருள் அதுவல்ல. இங்கே அறுவது கன்றின் கயிறு. 1983-இல் குனு இயங்குதளத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் கையாண்ட 'ஃப்ரீ' (free) என்ற ஆங்கிலச் சொல்லில் இலவசமும் விடுதலையும் கலந்து கிடந்தன. அதற்கு விளக்கம் சொல்லி இன்னும் தீரவில்லை. தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு.

கயிறு அறுவது எப்படி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் புள்ளியியல் கற்பிக்க, 1990-களின் தொடக்கத்தில் ஒரு நிரல்மொழி எழுதினார்கள். இருவர் பெயருக்கும் முதலெழுத்தான 'ஆர்' அதன் பெயராயிற்று. விற்றிருக்கலாம். சூரிச்சிலிருந்து மார்ட்டின் மாக்லர் வற்புறுத்த, 1995 ஜூனில் மூல நிரலோடு குனு பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டார்கள்.

இன்றும் 'ஆர்' திறந்தால் திரையின் முதல் வரிகளிலேயே இது இருக்கும்: கட்டற்ற மென்பொருள், உத்தரவாதம் கிடையாது, சில நிபந்தனைகளோடு பிறருக்கும் தரலாம். கட்டற்றதற்கு நிபந்தனையா? ஆம். மாற்றி வெளியிடுகிறவர் மூல நிரலையும் அதே உரிமத்தையும் சேர்த்தே தர வேண்டும். வாங்கியவர் மறுபடி கயிறு போட்டுவிடாதபடி காக்கும் கட்டு அது.

'சுதந்திர மென்பொருள்' என்று எழுதுவோரும் உண்டு. தவறில்லை, ஆனால் கயிறு கண்ணுக்குத் தெரிகிற சொல்லையே நான் எடுப்பேன். தமிழ் விக்கிப்பீடியாவும் தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்றே சொல்லிக்கொள்கிறது.