சுவர்களுக்கு முந்திய கோயில்கள்: மன்னார்த் தீவின் சிற்றாலயங்கள்

நான் வரலாற்றுத்துறையில் படித்தவள் அல்ல, தாதியாக வேலை செய்பவள். ஆனால் எங்கள் சனத்தின் சிறு கோயில்களைப் பற்றி நீண்டகாலமாக மனதில் இருக்கும் ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். ஒரு கோயிலின் வயதை எதைக்கொண்டு கணிப்பது?

முகப்பில் பொறித்த ஆண்டைப் பார்த்தால் மன்னார்த் தீவின் பல ஆலயங்கள் இளையவை. ஆனால் அங்கே கத்தோலிக்க மறை வேர்விட்டது 1540களில். முத்துக்குளித்துறையில் பணிசெய்த புனித பிரான்சிஸ் சவேரியாரைத் தங்களிடம் வரும்படி மன்னார் மக்கள் அழைத்தார்கள். அவரால் வர முடியவில்லை. தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி, மதம் மாறியவர்களைக் கொல்வித்தான். அறுநூறு பேருக்கு மேல் என்பது மரபு. அவர்கள் இறந்த இடம் இன்றைய தோட்டவெளிப் பக்கம் என்று மக்கள் நம்புகிறார்கள். அந்த வேதசாட்சிகளின் நினைவாக அங்கே ஆலயமும் உண்டு. மன்னாரைப் போர்த்துக்கேயர் கைப்பற்றியது 1560இல்தான். ஆக, கோட்டை எழும்புவதற்கு முன்னமே அங்கே விசுவாசிகள் இருந்தார்கள்.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை வந்தது. போர்த்துக்கேயர் கட்டிய கோயில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்குப் போயின. கலியாணமும் ஞானஸ்நானமும் சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமானால் அந்தச் சபையில் பதிய வேண்டும். அதனால் பலர் பகலில் அங்கே பெயரைப் பதிந்துவிட்டு, இரவில் வீட்டில் செபமாலை சொன்னார்கள்.

கோவாவிலிருந்து யோசவ்வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தது 1687இல். அதுவரை 29 வருடங்கள். அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு யார் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்? செத்தவர்களை யார் செபம் சொல்லி அடக்கம் செய்தார்கள்?

பதில் என் வேலையோடும் தொடர்புடையது. சாகும் ஆபத்தில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு, குருவானவர் இல்லாவிட்டால், யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய விதி. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் கத்தோலிக்கத் தாதியருக்கு இது தெரியும். குருவில்லாத ஊர்களில் மறையைக் காத்தவர்கள் இப்படிப்பட்ட சாதாரண மனிதர்களே. அடிகளார் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு பிச்சைக்காரனைப்போல வீடு வீடாகப் போனார். அந்த மாலையைக் கண்டதும் முகம் மாறியவர்களை வைத்தே தன் சனத்தை அடையாளம் கண்டார்.

அவரும் பின்வந்த கோவைக் குருமாரும் ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார்கள். குரு வருடத்தில் ஒருமுறை வந்தாலும் அதிசயம். மற்ற நாட்களில் செபம் நடத்தியது, பிள்ளைகளுக்கு மறைபோதகம் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அவர்கள்தான். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமி அவர்கள் கையில் தமிழ் நூல்களைக் கொடுத்தார். தவக்காலத்தில் நம் கோயில்களில் வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவருடையது. 1742இல் அவர் இறந்தபோதும் ஒல்லாந்தர் ஆட்சிதான். ஓலையும் கிடுகும் வேய்ந்த கொட்டிலில், ஒரு குரலும் ஒரு ஏடும் இருந்தால் அதுவே கோயில்.

1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகள் நீங்கின. அதன்பிறகுதான் கொட்டில்கள் துணிந்து முருகைக்கல்லும் சுண்ணாம்பும் ஆயின. முகப்பில் 1800களின் ஆண்டைப் பார்த்து 'இது புதுக்கோயில்' என்று யாரும் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு சுவரின் பிறந்தநாள். கோயில் அதற்கு எவ்வளவோ முந்தியது.

யுத்தத்திலும் இதையே கண்டோம். 2006 ஜூனில் மக்கள் தஞ்சம் புகுந்திருந்த பேசாலை ஆலயம் தாக்கப்பட்டது. மடு மாதாவின் சுருவம் 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்களோடு காட்டுக்குள் போனது என்பது மரபு. 2008 ஏப்ரலில் அதே சுருவம் மறுபடியும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய், சில மாதங்களில் திரும்பியது. கட்டடம் நின்ற இடத்திலேயே நின்றது, கோயில் சனத்தோடு நடந்தது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? ஊர்க்கோயிலைத் திருத்த நிதி கேட்டு நமக்கு அழைப்புகள் வருகின்றன. நாமும் மனதாரக் கொடுக்கிறோம். பழைய முருகைக்கல் சுவரை இடித்து, சீமெந்தும் மாபிளும் போட்டு, நம் பெயர்களைக் கல்லில் வெட்டுகிறோம். கொடுப்பது நல்லது. ஆனால் பணத்தோடு ஒரு நிபந்தனையையும் அனுப்புங்கள். இடிக்க முன் நாலு பக்கமும் படம் எடுக்கட்டும். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டையும் வாசாப்பு ஏடுகளையும் ஒருவர் படியெடுக்கட்டும். ஊரிலுள்ள வயதானவர்களிடம் தங்கள் அண்ணாவியார்களின் பெயர்களைக் கேட்டு எழுதட்டும்.

நன்கொடையாளரின் கல்லுக்குப் பக்கத்தில் அந்தப் பெயர்களுக்கும் ஒரு கல் இருக்கட்டும். நம் கோயில்களைக் கட்டியவர்கள் அவர்கள்தானே. இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.