கடற்கரையைக் காக்கும் தொண்டர்கள்



சிம்பாங் ரெங்கத்தில் கடல் கிடையாது. செம்பனையும் அன்னாசியும் சூழ்ந்த உள்நாட்டுப் பட்டணம் அது. ஆனாலும் அங்கே ஓடும் பெனுட் ஆறு தென்மேற்கே சென்று, பொந்தியான் மாவட்டத்தில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. 2019ஆம் ஆண்டில் அந்த ஆற்று நீரில் அம்மோனியா மிகுந்தது. சுத்திகரிப்பு நிலையம் பலமுறை மூடப்பட்டது. குழாய் வறண்டபோதுதான், ஊருக்கு வெளியே கிடக்கும் ஆறும் சதுப்பும் நம் வீட்டு அடுப்பங்கரையோடு தொடர்புடையவை என்பது பலருக்கும் உறைத்தது.

இத்தகைய இடங்களை யார் காப்பது? அரசாங்கம் காக்க வேண்டும் என்போம். அது சரிதான். ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், பல இடங்களில் முதலில் குரல் கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்களே என்பது விளங்கும்.

இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டிலேயே பொது நிலங்களைக் காக்க ஒரு சங்கம் தோன்றியது. இலண்டன் நகரம் பெருகப் பெருக, மக்கள் காலாற நடந்த புல்வெளிகளை வேலியிட்டு வீடு கட்டும் வேலை மும்முரமாயிற்று. சங்கத்தார் வழக்காடினர், பாராளுமன்றத்தை அணுகினர். 1871இல் ஹாம்ப்ஸ்டெட் மேட்டுநிலமும், 1878இல் எப்பிங் காடும் சட்டத்தின் மூலம் மக்களுக்கென்று நிலைபெற்றன.

நமக்கு அருகிலும் இப்படி ஒன்று நடந்தது. சிங்கப்பூரின் உபின் தீவில் கிழக்கு முனைக்குச் செக் ஜாவா என்று பெயர். கடல் வற்றும் நேரத்தில் அங்கே ஏறத்தாழ 100 ஹெக்டேர் பரப்புக்கு மணலும் சேறும் கடற்புல்லும் வெளிப்படும். அதை மண் கொட்டித் தூர்த்துக் கடலை நிலமாக்கும் திட்டம் 2001ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்க இருந்தது. அந்த ஓராண்டுக்குள் இயற்கை ஆர்வலர்கள் கூடினர். எந்த உயிரினம் எங்கே வாழ்கிறது என்று பட்டியலிட்டனர். பொதுமக்களை அழைத்துச் சென்று காட்டினர். நேரில் கண்டவர்கள் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினர். 2002 ஜனவரியில், அந்த நிலம் வளர்ச்சிப் பணிக்குத் தேவைப்படாத வரையில் தூர்ப்பதை ஒத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது.

இனி நமது ஜொகூர் மாநிலத்துக்கு வருவோம். தென்மேற்கு மூலையில் கேலாங் பாத்தா இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டங்களும் மீனவர் கம்பங்களுமாக இருந்த வட்டாரம். 1998இல் சிங்கப்பூருக்கு இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகம் எழுந்தது. 2006இல் இஸ்கந்தார் வளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்டது. கம்பம் மெல்ல மெல்லப் புறநகரமாயிற்று.

இந்தப் பக்கத்தில்தான் பூலாய் ஆறு கடலில் கலக்கிறது. அதன் கழிமுகக் கண்டல் காட்டில் 9,126 ஹெக்டேர் பரப்பு, 2003ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தஞ்சோங் பியாயும் கூக்குப் தீவும் அதே ஆண்டில் அப்பட்டியலில் சேர்ந்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காட்டுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. அதற்கு வெளியே, மெராம்போங் தீவை ஒட்டிக் கடலுக்கு அடியில் கிடந்த கடற்புல் திடலுக்கு அது கிடைக்கவில்லை.

கடற்புல் என்பது பாசி அன்று. வேரும் இலையும் பூவும் உடைய செடி. மெராம்போங் திடல் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் நீளமுள்ளது. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அங்கேதான் ஒளிந்து வளர்கின்றன. கடற்பசு அந்தப் புல்லை மேய்கிறது. கடற்குதிரை வாலைப் புல்லில் சுற்றிக்கொண்டு நிற்கிறது. புல் போனால் மீனவனின் வலையும் காலியாகும்.

இத்திடலைத் தேடி வந்தவர்களில் ஒருவர் சூ சீ குவாங் என்னும் கடலுயிர் ஆய்வாளர். கடற்குதிரைகளைக் காக்க ஒரு தொண்டர் குழுவை அவர் அமைத்தார். கடல் வற்றும் நேரம் பார்த்துத் தொண்டர்கள் சேற்றில் இறங்குவார்கள். கிடைக்கும் ஒவ்வொரு கடற்குதிரையையும் அளந்து, ஆணா பெண்ணா என்று குறித்து, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். அவர் 2013இல் காலமானார்.

இன்னொரு முயற்சி கம்பத்துக்குள்ளேயே முளைத்தது. 2008இல் தஞ்சோங் கூப்பாங் முக்கிமில், செரினா ரஹ்மான் என்ற ஆய்வாளரும் உள்ளூர் மீனவர் ஒருவரும் சேர்ந்து கெலாப் அலாமி என்ற சங்கத்தைத் தொடங்கினர். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கடற்புல்லை அளக்கவும், இனம் பிரித்து எழுதிவைக்கவும் கற்றுக்கொண்டனர். தகப்பனார் அனுபவத்தால் அறிந்திருந்ததைப் பிள்ளைகள் ஏட்டில் ஏற்றினார்கள்.

அந்த ஏட்டுக்குச் சோதனைக் காலம் 2014இல் வந்தது. ஃபாரஸ்ட் சிட்டி என்னும் செயற்கைத் தீவு நகரத்துக்காகக் கடலில் மணல் கொட்டும் வேலை ஆண்டுத் தொடக்கத்தில் நடந்தது. கடற்புல் திடலின் குறுக்கே மணல்பாதை எழுந்தது. 50 ஹெக்டேரும் அதற்கு மேலும் கடலைத் தூர்ப்பதானால் சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு தேவை என்று அப்போது நடைமுறையில் இருந்த 1987ஆம் ஆண்டின் ஆணை கூறியது. மீனவர்கள் கவலை தெரிவித்தனர். சிங்கப்பூர் அரசாங்கமும் விளக்கம் கேட்டது. 2014 ஜூனில் வேலை நின்றது. விரிவான ஆய்வுக்குப் பின்னர் 2015 ஜனவரியில் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. திட்டம் 1,386 ஹெக்டேராகச் சுருங்கி, நான்கு தீவுகளாகப் பிரிந்தது.

இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? திடலின் ஒரு பகுதி பழுதுபட்டது உண்மை. தீவு எழுந்ததும் உண்மை. ஆனால் முன்பே எண்ணி எழுதியவர்கள் இல்லாதிருந்தால், அங்கே கிடந்தது வெறும் சேறு என்று சொல்லி முடித்திருப்பார்கள். என்ன இருந்தது என்று சான்று காட்ட முடிந்ததால், எது எஞ்ச வேண்டும் என்று கேட்கவும் முடிந்தது.

செக் ஜாவாவிலும் இதையே கண்டோம். அங்கே ஓராண்டு அவகாசம் இருந்தது. மணல் லாரி வந்த பிறகு எண்ணத் தொடங்குபவனுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

ஆகவே நேயர்களே, உங்கள் ஊர் ஓடையோ, தோட்டத்துக்குப் பின்னால் கிடக்கும் சதுப்போ எதுவாயினும் சரி, அங்கே எந்தப் பறவை எந்த மாதத்தில் வருகிறது, எந்த மீன் கிடைக்கிறது, தண்ணீர் எந்த நிறத்தில் ஓடுகிறது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வாருங்கள். பிள்ளைகளையும் எழுதச் சொல்லுங்கள். பெனுட் ஆற்றுக்கும் அப்படியொரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஆபத்து வரும் நாளில் அந்த ஏடு உங்களுக்காகப் பேசும்.