மறுப்பின் காரணத்தை எழுதிவைத்தல்: அமெரிக்கச் சிற்றூர்களின் தன்னார்வ வாரியங்களும் பூங்காக் கலையும்

அமெரிக்கச் சிற்றூர்களில் பூங்காவையும் பொதுக்கலையையும் கவனித்துக்கொள்ளும் வாரியங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு அணி. ஓர் அணி குடிமைப் பொறுப்பைப் போற்றும். மற்றது, கலை தெரியாதவர்கள் கலையைத் தீர்மானிக்கிறார்களே என்று அலுத்துக்கொள்ளும். இரு அணிகளும் வாரியத்தில் அமர்ந்திருக்கும் ஆட்களையே பார்க்கின்றன. அவர்கள் விட்டுச்செல்லும் காகிதத்தைப் பார்ப்பதில்லை. ஊதியமின்றி மாலை வேளைகளில் கூடும் ஐந்தாறு பேர் ஒரு சிலையை ஏற்கிறார்கள், இன்னொன்றை மறுக்கிறார்கள். ஏன் என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதுகிறார்கள், அல்லது எழுதாமல் விடுகிறார்கள். 2009க்குப் பின் வந்த தீர்ப்புகளைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது, பூங்காவில் நிற்பது ஊரின் குரல்தானா என்ற கேள்விக்கு விடை அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது. உச்ச நீதிமன்றமே ஒருமுறை இதற்கு மாறாகப் பேசியிருப்பதால், அங்கிருந்தே தொடங்குவது முறை.

யூட்டா மாநிலத்தின் பிளசன்ட் குரோவ் நகரில் பயனியர் பூங்கா என்று இரண்டரை ஏக்கரில் ஒரு பூங்கா. பழைய தானியக் களஞ்சியம், நகரின் முதல் தீயணைப்பு நிலையம், செப்டம்பர் 11 நினைவுச்சின்னம் என்று அதில் 15 நிலையான காட்சிப்பொருள்கள் இருந்தன. அவற்றுள் குறைந்தது 11 தனியார் கொடுத்தவை. 1971இல் ஈகிள்ஸ் சகோதர சங்கம் கொடுத்த பத்துக் கட்டளைக் கல்லும் அவற்றில் ஒன்று. சமம் என்ற சிறிய சமயக் குழு, தன்னுடைய ஏழு நெறிகளைப் பொறித்த கல்லையும் அங்கே நிறுத்த 2003இல் இடம் கேட்டது. நகரம் மறுத்துவிட்டது. நகரின் வரலாற்றோடு நேரடித் தொடர்புள்ளவை, அல்லது நகரோடு நெடுங்காலத் தொடர்புள்ள அமைப்புகள் கொடுத்தவை ஆகியவற்றை மட்டுமே ஏற்பது தங்கள் வழக்கம் என்பது நகரம் சொன்ன காரணம். அந்த வழக்கம் அதுவரை எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த ஆண்டுதான் அது தீர்மானமாக எழுத்தில் ஏறியது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2009 பிப்ரவரியில் ஒன்பது நீதிபதிகளும் நகரத்தின் பக்கம் நின்றார்கள். பொதுப் பூங்காவில் நிலையாக நிறுத்தப்படும் சின்னம், தனியார் கொடுத்ததே ஆனாலும், அரசின் பேச்சு. தன் பேச்சில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது அரசின் உரிமை. தீர்ப்பை எழுதிய நீதிபதி அலிட்டோ தந்த உதாரணம் பலருக்கு நினைவிருக்கும்: பிரான்ஸ் அனுப்பிய சுதந்திர தேவி சிலையை ஏற்றுக்கொண்ட காரணத்தாலேயே, ஜெர்மானியப் பேரரசோ ரஷ்யாவோ சர்வாதிகார தேவி ஒன்றை அனுப்பினால் அதற்கும் சம இடம் தரவேண்டிய கட்டாயம் வந்துவிடுமா?

சமம் குழுவின் மாற்று வாதம் இத்தனை பேசப்படவில்லை. கல்லின் செய்தியைத் தன் செய்தியாக நகரம் முறையான தீர்மானத்தால் ஏற்கட்டும், அப்போதுதான் அது நகரின் பேச்சு என்றது அக்குழு. நீதிமன்றம் இதைப் பயனற்ற சடங்கு என்று ஒதுக்கியது. ஒரு சின்னத்துக்கு ஒரே பொருள் இருப்பதில்லை, காலப்போக்கில் பொருளும் மாறும், அதைத் தீர்மானத்தில் கட்டிப்போடுவது எப்படி என்று கேட்டது. கலையைப் பற்றிய கூற்றாக இதில் குறை காண்பது கடினம். ஆட்சி நடைமுறை பற்றிய கூற்றாக இதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. சின்னத்தின் பொருளை வரையறுப்பது ஒன்று. அதை ஏன் ஏற்றோம் என்று எழுதிவைப்பது வேறொன்று. முன்னது இயலாது என்பதால் பின்னதும் வேண்டாததாகிவிடாது.

இந்த வேறுபாடு பதின்மூன்று ஆண்டுகள் கழித்துப் பாஸ்டனில் வெளிப்பட்டது. அது சிற்றூர் இல்லை. ஆனால் அங்கே கொடுக்கப்பட்ட விலை எல்லா ஊர்களுக்கும் பாடம். நகர மண்டபத்தின் முன்னுள்ள மூன்றாவது கொடிக்கம்பத்தில் தனியார் குழுக்கள் தங்கள் நிகழ்ச்சியின்போது கொடியேற்ற நகரம் அனுமதித்து வந்தது. 2005 முதல் 2017 வரை 284 கொடியேற்றங்கள். ஒன்றைக்கூட மறுத்ததாகப் பதிவு இல்லை. விண்ணப்பங்களைப் பார்த்த அதிகாரி கொடியைக் காட்டச் சொல்லி யாரையும் கேட்டதில்லை. 2017இல் ஒரு கிறிஸ்தவக் கொடிக்கு மட்டும் அனுமதி மறுக்கப்பட்டது. 2022 மே மாதம், மீண்டும் ஒன்பது பேரும் ஒன்றாக, நகரம் தவறு செய்தது என்றார்கள். எதையும் தேர்ந்தெடுக்காத நகரம் அந்தக் கொடிகளைத் தன் பேச்சு என்று எப்படிச் சொல்ல முடியும்? தீர்ப்பில் நீதிபதி பிரையர், கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தை எடுத்துக்காட்டினார். தன் கொடிக்கம்பங்கள் மக்கள் கருத்துரைக்கும் களம் அல்ல என்று எழுதி, ஏற்கத்தக்க கொடிகளின் பட்டியலையும் இணைத்து, கொள்கையாகவே வைத்திருந்த நகரம் அது. 2009இல் பயனற்ற சடங்கு என்று ஒதுக்கப்பட்ட காகிதம், 2022இல் மறுவாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

இந்த வாசிப்புக்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. அதை எழுப்பியவரும் அலிட்டோவேதான். பாஸ்டன் வழக்கின் முடிவை ஏற்ற அவர், காரணத்தை ஏற்காமல் தனியே எழுதினார். நீதிபதிகள் தாமஸ், கோர்சச் இருவரும் அவருடன் சேர்ந்தனர். கட்டுப்பாடு இருக்கிறதா என்பதையே அளவுகோலாக்கினால் தணிக்கை செய்கிறவனுக்குத்தான் பரிசு கிடைக்கும், ஏனெனில் தணிக்கையும் கட்டுப்பாடுதான் என்பது அவர் கவலை. இது நியாயமான கவலை. எல்லாவற்றையும் மறுக்கும் வாரியம் எல்லாவற்றையும் ஏற்கும் வாரியத்தைவிடச் சட்டத்தில் பலமாக நிற்கிறது என்றால், ஏதோ கோணலாக இருக்கிறது. வாரியம் எப்படி மறுக்கிறது என்பதைப் பார்க்கும்போதுதான் இந்தக் கோணல் ஓரளவு நிமிர்கிறது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டாக்பிரிட்ஜில் 1853இல் மேரி ஹாப்கின்ஸ் முன்கை எடுத்துத் தொடங்கிய லாரல் ஹில் சங்கம், ஊரை அழகுபடுத்தவென்று அந்நாட்டில் எழுந்த சங்கங்களுக்கெல்லாம் மூத்தது. அது தனியார் சங்கம்; தான் செய்ததற்கு ஊராரிடம் கணக்குக் காட்டவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. இன்று அதே மாநிலத்தில் ஒரு பூங்கா வாரியம் கூடவேண்டுமானால், சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் நீங்கலாக 48 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு ஒட்ட வேண்டும். கோரம் நிறையும் அளவு உறுப்பினர்கள் மின்னஞ்சலில் பேசி முடித்துக்கொள்ள முடியாது. யார் வந்தார்கள், என்ன வாக்கு, ஒவ்வொரு பொருளிலும் பேசியதன் சுருக்கம், பார்த்த ஆவணங்களின் பட்டியல் எல்லாம் நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். தணிக்கை அதிகாரி தன் அறையிலிருந்தபடியே மறுத்துவிடலாம். வாரியம் மறுக்க வேண்டுமானால் விண்ணப்பதாரரும் அண்டை வீட்டாரும் அமர்ந்திருக்கும் கூடத்தில் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

ஆனால் அதே மாநிலத்தின் சட்டத்தில் விந்தையான ஓர் ஏற்றத்தாழ்வும் இருக்கிறது. 1899 முதல் அங்கே ஊர்தோறும் மரக் காப்பாளர் இருந்தாக வேண்டும். தெருவோர நிழல்மரம் ஒன்றை வெட்ட அவர் நினைத்தால் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். குறைந்தது ஏழு நாட்களுக்கு முன் ஊரில் இரண்டு பொது இடங்களிலும், அந்த மரத்திலேயும் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஒரே ஒருவர் எழுத்தில் ஆட்சேபித்தாலும் போதும். நகரமானால் மேயரின், ஊரானால் நிர்வாகக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் கோடரி விழாது. அறுபது ஆண்டு நின்ற மரம் போவதற்கு இத்தனை. நூறாண்டு நிற்கப்போகும் வெண்கலச் சிலை வருவதற்கு இதற்கிணையான சட்டக் கட்டாயம் ஒன்றுமில்லை. அதை ஊரே தன் கொள்கையில் எழுதிக்கொண்டால்தான் உண்டு.

எழுதிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் மாநிலத்தின் செலரான் சாட்சி. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் கிராமம். நகைச்சுவை நடிகை லூசில் பால் வளர்ந்த ஊர். அவர் பெயரிலான பூங்காவில் 2009இல் ஒரு வெண்கலச் சிலை வந்தது. கொடையாக வந்ததைக் கிராமம் ஏற்றுக்கொண்டது. நடிகையின் சாயல் அதில் துளியும் இல்லை என்பதோடு, பார்த்தால் பயம் வேறு வந்தது. 2015இல் ‘பயமுறுத்தும் லூசி’ என்று உலகமே சிரித்தது. பிறகு போட்டி வைத்து வேறு சிற்பியைத் தேர்ந்தெடுத்து, நடிகையின் பிறந்தநாளான ஆகஸ்ட் 6 அன்று, 2016இல், புதிய சிலையைத் திறந்தார்கள். இலவசமாக வந்த சிலையை வேண்டாம் என்று சொல்வது சிற்றூரில் எவ்வளவு சங்கடம் என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை. கொடுத்தவரும் மறுப்பவரும் மறுநாள் காலை ஒரே கடையில் காபி குடிக்க வேண்டும். எழுத்திலுள்ள கொள்கையின் பெரும்பயன் இந்த இடத்தில்தான். உங்கள் சிலை நன்றாக இல்லை என்று யாரும் யாரிடமும் சொல்லவேண்டியதில்லை; கொள்கைப்படி மாதிரி வடிவம் காட்ட வேண்டும், பராமரிப்புக்கு நிதி ஒதுக்க வேண்டும், கருத்துக்கேட்புக்கு வரவேண்டும் என்று சொன்னால் போதும்.

பராமரிப்பு அற்ப விஷயம் அல்ல. ஸ்மித்சோனியன் நிறுவனம் பங்கேற்று 1989இல் தொடங்கிய வெளிப்புறச் சிற்பக் காப்புத் திட்டத்தில், நாடெங்கும் தன்னார்வலர்கள் 30,000க்கும் மேற்பட்ட சிற்பங்களைத் தேடிப் பதிவு செய்தார்கள். அவற்றில் பெரும்பங்கு சீரமைப்பை எதிர்நோக்கி நின்றது. ஏற்கும் நாளில் யாரும் கேட்காத கேள்வியின் விளைவு அது.

தேர்ந்தெடுக்கும் அதிகாரத்துக்கு எல்லையும் உண்டு. நியூ ஹாம்ப்ஷயரின் கான்வே என்ற ஊரில் 2022இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஒரு பேக்கரியின் முகப்பில் ஓவியம் தீட்டினார்கள்: டோனட்டும் மஃபினும் மலைத்தொடராக நிற்க, பின்னால் சூரிய ஒளி. அந்தக் கடை விற்கும் பண்டமே ஓவியத்தில் இருப்பதால் இது ஓவியமல்ல, விளம்பரப் பலகை. பலகை என்றால் அளவு மிஞ்சிவிட்டது என்று ஊர் சொன்னது. மண்டல விதி மேல்முறையீட்டு வாரியமும் அதை உறுதி செய்தது. உண்மையான மலையை வரைந்திருந்தால் ஆட்சேபம் இருந்திருக்காது! 2025 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் பேக்கரியின் பக்கம் தீர்ப்பளித்தது. வாரியத்தார் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை; விதியின் எழுத்தைத்தான் பின்பற்றினார்கள். ஆனால் பூங்கா ஊருக்குச் சொந்தம், அங்கே ஊர் பேசுகிறது. கடைச்சுவர் கடைக்காரருக்குச் சொந்தம், அங்கே பேசுகிறவர் அவர். முதலாவதில் ‘என்ன’ என்று கேட்க வாரியத்துக்கு உரிமை உண்டு. இரண்டாவதில் ‘எவ்வளவு பெரியது, எந்த இடத்தில்’ என்பதைத் தாண்டினால் அரசியல் சாசனம் குறுக்கே வந்து நிற்கும். ஒரே ஊரில் இந்த இருவகை வேலையும் ஒரே வகை ஆட்களிடம், ஒரே மாதிரி மாலைக் கூட்டங்களில் நடப்பதால் குழப்பம் எளிதில் நேர்கிறது.

இந்த ஆட்கள் ஊரைப் பிரதிபலிக்கிறார்களா என்ற கேள்வி மீதியிருக்கிறது. பெரும்பாலும் இல்லை என்பதே என் எண்ணம். ஊதியமில்லாப் பதவிக்கு வருகிறவர்கள் மாலை நேரம் கைவசம் உள்ளவர்கள்: ஓய்வுபெற்றோர், சொந்த வீடு உள்ளோர். இரவுப்பணிக்குப் போகிறவருக்கும் கைக்குழந்தை உள்ளவருக்கும் அந்த நாற்காலி எட்டாது. வாரியம் ஊரின் சராசரி ரசனையைப் பேசுகிறது என்ற வாதம் அதனால்தான் எனக்கு ஏற்புடையதாக இல்லை. காரணம் எழுத்தில் இருந்தால், வாரியத்தில் இடம் கிடைக்காதவரும் அதை எடுத்துவைத்து எதிர்த்து வாதாடலாம் என்பது மட்டும் உறுதி.

சிலையை அகற்றும் விஷயத்தில் இந்த எழுத்துக்கு மேலும் ஒரு வேலை சேர்கிறது. 1990இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டப்படி, பொருள் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், படைப்பைச் சிதைப்பதையும், மதிப்புப் பெற்ற படைப்பானால் அழிப்பதையும் தடுக்கும் உரிமை படைத்தவருக்கு உண்டு. சட்டம் வந்தபின் படைக்கப்பட்டவற்றுக்கு அந்த உரிமை கலைஞரின் ஆயுள் வரை நீடிக்கும். கலைஞர் அதை விட்டுக்கொடுக்கலாம். ஆனால் எந்தப் படைப்பு, எந்தப் பயன்பாடு என்று குறிப்பிட்டு அவரே கையெழுத்திட்ட எழுத்தாக இருந்தால்தான் செல்லும். அந்தக் கையெழுத்தைக் கேட்கத் தகுந்த நேரம் சிலையை ஏற்கும் கூட்டம்தான். பத்தாண்டு கழித்துப் பூங்காவை மாற்றியமைக்கும்போது அதே கலைஞரிடம் போய்க் கேட்டால், அவர் இசைய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது.