கழித்த காரும் இழுவைக் கூலியும்

அமெரிக்க நகரங்களில் ஓடாத காரை வீட்டு வாசலிலேயே பணம் கொடுத்து வாங்கி, இழுவைக் கூலி தனியே கேட்காமல் ஏற்றிச் செல்வது இன்று பரவலான வணிகம். காரின் கழிவிரும்பும் உதிரி உறுப்புகளும் பெறும் விலை, அதைப் பழைய இரும்புக் களத்துக்குக் கொண்டுசேர்க்கும் செலவைவிட மிகுந்திருக்கும்வரையில்தான் இவ்வணிகம் நிலைக்கும். 1950களின் பிற்பகுதி முதல் அக்கணக்கு தலைகீழாகத் தொடங்கி, உடையவரே பணம் கொடுத்தாலன்றிப் பழைய வண்டியை எடுக்க ஆளில்லை என்ற நிலை பல நகரங்களில் ஏற்பட்டது.

பாரந்தூக்கி பொருத்திய இழுவை வண்டி இவ்வணிகத்துக்கென உருவானதன்று. டென்னசி மாநிலத்துச் சட்டநூகாவில் பழுதுநீக்கும் பட்டறை நடத்திய எர்னஸ்ட் ஹோம்ஸ், ஓடையில் விழுந்த காரொன்றைக் கயிறும் கட்டைகளும் கொண்டு ஆட்கள் பலருடன் பாடுபட்டு மேலேற்ற நேர்ந்தபின், 1916-ஐ ஒட்டி அத்தகைய வண்டியை வடிவமைத்தார். அவர் நோக்கம் மீட்பு மட்டுமே. கழித்த காரை ஆலை அளவில் கையாள முனைந்தவர் ஹென்றி ஃபோர்டு. 1930-இல் மிச்சிகனின் ரூஜ் ஆலையில் காரைப் பிரிப்பதற்கென்றே ஒரு வரிசையை அமைத்து, கண்ணாடி, மெத்தைத் துணி முதலியவற்றை எடுத்தபின் எஞ்சிய உடலை உலைக்கு அனுப்பினார். பிரிக்கும் கூலி கிடைத்த பொருளின் மதிப்பை விழுங்கியதால் அது இலாபமாகவில்லை.

கணக்கைக் கவிழ்த்தது உருக்குத் தொழில்நுட்பத்தின் மாற்றம். பழைய திறந்த உலை தன் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதியைக் கழிவிரும்பாகவே ஏற்றது. அதன் இடத்தைப் பிடித்த ஆக்சிஜன் உலை, அதாவது உருகிய வார்ப்பிரும்பினுள் தூய ஆக்சிஜனைச் செலுத்தி உருக்கு ஆக்கும் உலை, மூன்றிலொரு பங்குக்கு மேல் ஏற்பதில்லை. அதிலும் காரின் மின்கம்பிகளிலுள்ள செம்பு உருக்கின் தரத்தைக் கெடுப்பதால், நசுக்கிக் கட்டிய கார் உடலை ஆலைகள் வேண்டா வெறுப்பாகவே வாங்கின. மெத்தையையும் ரப்பரையும் போக்கக் காரைத் திறந்தவெளியில் கொளுத்திவந்த வழக்கத்தைக் காற்று மாசுச் சட்டங்கள் தடுத்தன. விளைவாக, எண் பலகையைக் கழற்றிக்கொண்டு காரைத் தெருவிலேயே விட்டுச் செல்வது எளிதான வழியாயிற்று. நியூயார்க்கில் மட்டும் 1960களின் இறுதியில் ஆண்டொன்றுக்கு 50,000-க்கும் மேற்பட்ட கார்கள் இவ்வாறு கைவிடப்பட்டன. அதிபர் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் ஆதரித்த 1965-ஆம் ஆண்டு நெடுஞ்சாலை அழகூட்டல் சட்டம், முக்கியச் சாலைகளிலிருந்து 1,000 அடிக்குள் இருந்த பழைய கார்க் களங்களை மறைக்கவோ அகற்றவோ வகைசெய்தது. கண்ணை உறுத்திய காட்சியை அது மறைத்ததேயன்றி, இரும்பின் விலையை ஒரு காசும் உயர்த்தவில்லை.

விலையை மீட்டவை இரண்டு இயந்திரங்கள். ஹூஸ்டனில் பழைய இரும்பு வணிகம் செய்த புரோலர் குடும்பத்தினர் 1950களின் இறுதியில் உருவாக்கிய துண்டாக்கி, கனத்த சுத்தியல்களால் முழுக் காரையும் கையளவுத் துண்டுகளாகச் சிதைக்க, காந்தம் இரும்பை மட்டும் பிரித்தெடுத்தது; பிரிக்கும் கூலியும் செம்புக் கலப்பும் ஒருங்கே குறைந்தன. மற்றொன்று கழிவிரும்பை மட்டுமே கொண்டு இயங்கவல்ல மின்வில் உலை; 1969-இல் தென் கரோலினாவின் டார்லிங்டனில் நியூகோர் நிறுவனம் தொடங்கியது போன்ற சிற்றாலைகள் அதனை நம்பிப் பெருகின. 1975 முதல் அமெரிக்கக் கார்களில் பரவலான, புகை மாசைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியிலுள்ள பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகியவையும் கழித்த காருக்குக் கூடுதல் மதிப்பைத் தந்தன. அம்மாற்றி திருடப்பட்ட காருக்கு விலை குறைவது இதனால்தான்.

இப்போது வாங்குபவர் காரின் எடை, மாற்றி இருக்கிறதா என்பது, உரிமைப் பத்திரம், களத்திலிருந்து தொலைவு ஆகியவற்றைக் கேட்டு ஒரே தொகை சொல்கிறார். இழுவைச் செலவு அதிலேயே கழிக்கப்பட்டிருப்பதால் ‘இலவச இழுவை’ என்பது விளம்பரத்துக்கு மட்டும் பொருந்தும் சொல். தொலைவு மிகும்போது இக்கணக்கு இன்றும் தோற்கிறது. களங்களுக்கும் பண்ணைகளுக்கும் இடைவெளி மிகுந்த மொன்டானா மாநிலத்தில், 1973-இல் இயற்றிய சட்டத்தின்படி, வாகனப் பதிவின்போது பெறும் கட்டணத்தைக் கொண்டு மாவட்ட நிர்வாகமே பழைய கார்களை இலவசமாக எடுத்துச் செல்கிறது; உடையவருக்கு அங்கே விலை எதுவும் கிடைப்பதில்லை.