எட்வர்ட் ஆர். மர்ரோ: துணிச்சலும் அதற்கான விலையும்

துணிச்சலான தொலைக்காட்சிச் செய்தியாளர் யார் என்று கேட்டால் அமெரிக்கர்கள் பலர் சொல்லும் பெயர் எட்வர்ட் ஆர். மர்ரோ. செனட்டர் மெக்கார்த்தியை எதிர்த்தவர் என்பது பலருக்கும் தெரியும். அதன் பிறகு அவருக்கு என்ன ஆனது என்பதுதான் அதிகம் பேசப்படாத கதை.

1908-ல் வட கரோலினாவில் பிறந்த மர்ரோ, 1935-ல் சி.பி.எஸ். வானொலியில் சேர்ந்தார். 1937-ல் லண்டனுக்கு அனுப்பப்பட்டார். நிகழ்ச்சிகளில் பேச ஆட்களை ஏற்பாடு செய்வதுதான் அங்கே அவர் வேலை. 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் வியன்னாவுக்கு விரைந்து, தானே மைக் பிடித்தார். 1940-ல் லண்டனில் குண்டுகள் விழுந்தபோது மொட்டைமாடியில் நின்று நேரடியாக வர்ணித்தார். கடல் கடந்த போர் அமெரிக்க வீடுகளுக்குள் கேட்டது!

1951-ல் பிரெட் பிரெண்ட்லியுடன் சேர்ந்து 'சீ இட் நவ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கினார். அல்கோவா என்ற அலுமினிய நிறுவனம் விளம்பரதாரர் ஆனது. அந்தக் காலத்தில் மெக்கார்த்தி தக்க ஆதாரம் காட்டாமலே பலரைக் கம்யூனிஸ்ட் என்று குற்றம்சாட்டி வந்தார். அவரைக் கண்டு ஊரே பயந்தது.

1954 மார்ச் 9-ல் மர்ரோ அவரைப் பற்றி அரை மணி நேர நிகழ்ச்சி செய்தார். பெரும்பகுதி மெக்கார்த்தியின் சொந்தப் பேச்சுகளே! அதற்கு விளம்பரம் கொடுக்க சி.பி.எஸ். முன்வரவில்லை. மர்ரோவும் பிரெண்ட்லியும் கைக்காசு 1,500 டாலர் போட்டுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தனர். அந்த டிசம்பரில் 67-க்கு 22 என்ற வாக்கில் செனட் மெக்கார்த்தியைக் கண்டித்தது.

ஆனால் 1955-ல் அல்கோவா விலகியது. அதே ஆண்டு சி.பி.எஸ்.ஸில் தொடங்கிய 64,000 டாலர் பரிசு வினாடிவினா, பணத்தை அள்ளிக் கொட்டியது. வாராவாரம் வந்த 'சீ இட் நவ்' எப்போதாவது வரும் நிகழ்ச்சியாகச் சுருங்கி, 1958-ல் நின்றே போனது.

1960-ல் விவசாயக் கூலிகளின் வறுமையைக் காட்டும் 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்' படத்தில் பேசினார். 1961-ல் அரசின் தகவல் துறைத் தலைவரானதும், அதே படத்தை ஒளிபரப்ப வேண்டாம் என்று பி.பி.சி.யிடம் அவரே கேட்டுக்கொண்டார். பி.பி.சி. கேட்கவில்லை. 1965-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

மெக்கார்த்திக்குப் பணியாத மர்ரோவின் நிகழ்ச்சி, வருமானக் கணக்கின் முன் நிற்க முடியவில்லை. அரசுப் பதவி வந்ததும் அவரே தன் படத்தை மறைக்கப் பார்த்தார். ஒரு செய்தியாளர் எவ்வளவு தூரம் பேச முடியும் என்பதை அவருடைய துணிச்சல் மட்டும் தீர்மானிப்பதில்லை. சம்பளம் கொடுப்பவர் யார் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.