அல்பிரிஸ்டன் குருமனை: எளிய வீடும் வரலாறே

வரலாற்றுச் சின்னம் என்றவுடன் நம் மனக்கண்ணில் கோட்டையும் கோபுரமுமே எழுகின்றன. ஆயின், இங்கிலாந்தில் 1895ஆம் ஆண்டு தோன்றிய தேசிய அறக்கட்டளை முதன்முதலாக வாங்கிய கட்டடம், நம் அத்தாப்பு வீடுகளை நினைவூட்டும் ஒரு கூரை வீடே. சசெக்ஸ் பகுதியில், அல்பிரிஸ்டன் என்னும் சிற்றூரில் உள்ள அவ்வீடு குருமனை எனப்படும். குருமார் தங்கும் இல்லம் என்பது அதன் பொருள்.

பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த அதன் அமைப்பை நோக்குவோம். கூரையின் சுமையைத் தாங்குவன ஓக் மரச் சட்டங்களே. சட்டங்களின் இடைவெளியில் வரிச்சு கட்டி மண் பூசினர். நடுவில் கூரை முகடுவரை திறந்த கூடம். இருபுறமும் ஈரடுக்கு அறைகள். இவை யாவும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. கூடத்தின் தரை, சுண்ணப்பாறையை இடித்துப் பரப்பிப் புளித்த பாலால் இறுக்கியது. சாணம் மெழுகிய தரையில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இக்கட்டுமானம் முற்றிலும் அயலானதன்று. கைக்கெட்டிய பொருளால் வீடு சமைக்கும் அறிவு இரு நாட்டார்க்கும் பொதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வீடு சிதைந்து, இடிக்கப்படும் நிலையை எய்தியது. ஊர்க் குருவும் ஒக்டேவியா ஹில் அம்மையாரும் முயன்றதால், 1896இல் அறக்கட்டளை அதனை 10 பவுண்டுக்கு வாங்கிற்று. பழுதுபார்க்கும் செலவோ அவ்விலையினும் பன்மடங்கு மிகுந்தது.

தமிழ்நாட்டின் இடையன்குடியில் கால்டுவெல் வாழ்ந்த இல்லத்தைத் தமிழ்நாட்டு அரசு நினைவில்லமாகப் பேணுகிறது. அங்கு வாழ்ந்தவரின் புகழ் வீட்டைக் காத்தது. அல்பிரிஸ்டனிலோ, வீட்டின் கட்டமைப்பே அதன் மதிப்பாயிற்று. இவ்வேறுபாடு நமக்குப் பெரிதும் பயன்படுவது.

ஏனெனில், கோத்தா திங்கியில் பழைய ஜொகூர் சுல்தான்களின் கல்லறைகளைக் காண்கிறோம்; அவை காக்கத்தக்கனவே. ஜொகூரின் இரப்பர்த் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வாழ்ந்த லயங்களுக்கோ, அவற்றைக் காக்கவல்ல புகழ்பெற்ற பெயர் ஏதுமில்லை. தோட்டம் கைம்மாறும்போது லயம் இடிகிறது. அஞ்சடி போன்ற சொற்களும் பேச்சிலிருந்து மெல்ல நழுவுகின்றன.

எல்லா லயங்களையும் காத்தல் இயலாது. எஞ்சிய ஒன்றையேனும் மாணவர் அளந்து வரைபடமாக்கலாம்; தூண், சுவர், கூரை, அடுப்படி ஆகியவற்றின் பெயர்களை, அங்கு வாழ்ந்த முதியோரிடம் கேட்டு எழுதலாம். இப்பணியை ஆசிரியப் பெருமக்கள் தத்தம் பள்ளிகளில் தொடங்க வேண்டும் என விழைகிறோம்.